மலைக்குதிரையும் கொண்ட குர்ரமும்

சதுரங்கம் ஆட எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சதுரங்கக் குதிரை ஒன்றுக்காகச் சித்தூர் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சிறிது காலம் ஆகியிருந்தது. சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் டிராயிங் டீச்சர். புத்தூர்ப் பக்கத்துத் தமிழர் ஒருவர் திருப்பதியில் மரக் கடைசல் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மகள் எங்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு மரக்காயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, மலைக்கு வர்றவங்க சதுரங்க செட்டு வாங்கிக்கினு போறாங்க. எல்லாக் காயும் நல்லா கீது. குதிரை மட்டும் நாய் மாதிரி கீதுன்றாங்க. நீங்க ஒண்ணு வரைஞ்சு குடுங்க."

அது உண்மையிலேயே நாய்தான். பள்ளி வாசலில் நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரையைப் பார்த்து வரைந்து கொடுத்தேன். முகவாயைக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, வண்டிக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோல் நிற்கும் குதிரை அது. அந்தக் கோபம் மரத்திலும் அப்படியே வந்துவிட்டது. செட்டுகள் நன்றாக விற்றன. அவரும், பட்டறையில் கூட்டாளியான தெலுங்குக்காரரும் சேர்ந்து பெட்டி மூடியில் பெயர் அச்சடித்தார்கள். மேலே தமிழில் 'மலைக்குதிரை', கீழே தெலுங்கில் 'கொண்ட குர்ரம்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்.

வினை அந்த மூடியில் இருந்தது. எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று பத்திரிகைகள் தினமும் எழுதிக்கொண்டிருந்தன. ஒருநாள் தெலுங்குக்காரர், திருப்பதி ஆந்திராவில் இருக்கிறது, தெலுங்குதான் மேலே வரவேண்டும் என்றார். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்றார் இவர். இரண்டு வரிகள் இடம் மாற மறுத்ததில் பட்டறை இரண்டானது. தமிழ்ப் பெயரை இவர் எடுத்துக்கொண்டார், தெலுங்குப் பெயரை அவர். குதிரையை மட்டும் இருவருமே விடவில்லை.

தெலுங்குக்காரர் வழக்குப் போட்டார். குதிரையின் வடிவம் தன்னுடையது, 'மலைக்குதிரை' என்பதும் தன் பெயரின் மொழிபெயர்ப்பே என்றார். எந்த மொழி மேலே என்று சண்டை பிடித்தவர்தான், எந்த மொழியில் சொன்னாலும் ஒன்றே என்று இப்போது வக்கீல் வைத்து வாதாடினார். தமிழரின் வக்கீலோ, மலை வேறு, கொண்ட வேறு என்று அரைநாள் பேசினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்காரர், தமிழ் தெரியாது. அவர் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த சித்தூர்த் தெலுங்கில் பதில் சொன்னேன்.

"இந்தக் குதிரை யாருடையது?"

"ஜட்கா வண்டிக்காரருடையது."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"வடிவத்தைக் கேட்கிறேன். வரைந்தது யார்?"

"நான்."

"இவர்களில் யாருக்காவது உரிமை எழுதிக் கொடுத்தீர்களா?"

"யாரும் கேட்கவில்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இவர்கள் இரண்டு பேரும் இங்கே எதற்காக வந்திருக்கிறார்கள்?"

இரு வக்கீல்களும் ஒரே சமயத்தில் எழுந்து வாய்தா கேட்டார்கள். அந்த வழக்கில் இருதரப்பும் ஒத்துப்போனது அதுதான் முதல்முறை.

அடுத்த வாய்தாவுக்கு முன் ராஜியாகிவிட்டார்கள். பட்டறை மறுபடி ஒன்றானது. மொழித் தகராறே வேண்டாம் என்று மூடியில் இங்கிலீஷில் மட்டும் 'ஹில் ஹார்ஸ்' என்று போட்டார்கள். சந்தோஷப்பட்டேன். பத்து நாள் கழித்து எனக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. இருவரும் சேர்ந்து அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். மேற்படி குதிரை வடிவம் அவர்களுக்கே சொந்தம், அதை நான் இனி வரையவோ, வரையக் கற்றுக்கொடுக்கவோ கூடாது.

முதலில் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது கோபம் வந்தது. தலைமையாசிரியை வாங்கிப் படித்துவிட்டு, "பதில் எழுதாதே, ஜெபம் பண்ணு" என்றார். பண்ணினேன். கோபம் குறையவில்லை.

அடுத்த ஞாயிறு மகளைப் பார்க்க அவரே வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. உங்க மேல ஒண்ணும் இல்ல. இனிமே நீங்க ஒருத்தர்தான் ஆபத்துன்னு வக்கீலு சொல்ட்டாரு."

நான் டிராயிங் பரீட்சைத் தாள்களில் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தேன். பிடித்த மிருகத்தை வரையச் சொல்லியிருந்தேன். தாளில் முகவாயைக் கழுத்தோடு ஒட்டிய குதிரை. ஓரத்தில் அவர் மகளின் பெயர்.

"உங்க நோட்டீஸ் பிரகாரம் இதுக்கு நான் மார்க் போடலாமா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்றவர், தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்க குதிரையைவிட நல்லா கீதே என்று முணுமுணுத்தார். "இத்த நான் எடுத்துக்கினு போலாமா?"

"வரைஞ்சவளைக் கேளுங்க."

மகளைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் தாளை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இது என் குதிரைன்னு எழுதிக் குடு நைனா, அப்பால தர்றேன்."

பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திருப்பதி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார். குதிரைக்கு நான் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன்.