மாப்பிள்ளை நனைந்தார், பாவு நனையவில்லை

போன வருஷம் ஆவணி மாதம், முகூர்த்த நாளாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில்தான் இது நடந்தது.

அப்பா பட்டு நெய்பவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் அப்பாவுக்குக் கூடமாட நிற்பேன். அன்றைக்குப் பாவு நீட்டும் வேலை. புடவையில் நீளவாக்கில் ஓடும் இழைகளைத்தான் பாவு என்போம். மூன்று புடவைக்கான இழைகளை மொத்தமாகத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, காயவிட்டு, சீராகச் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோக வேண்டும். நாலைந்து வீட்டு நீளம் இருக்கும். எந்த வீட்டுக்குள் இதற்கு இடம் இருக்கிறது? அதனால் எங்கள் பக்கத்தில் காலை வேளையில் தெருவும் ஒரு தறிக்கூடம்தான்.

அந்தப் பாவு எங்களுக்கு ரொம்ப முக்கியம். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, தறி பல மாதம் சும்மா கிடந்தது. இனிமேல் இவரால் உட்கார்ந்து நெய்ய முடியுமா என்று பட்டு கொடுப்பவர்களே தயங்கினார்கள். கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கிவந்த முதல் பாவு அது. அது கெட்டால் அடுத்தது வராது. அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலையில் காபி குடிக்க மறந்துவிட்டு, குடித்துவிட்டதாக அம்மாவிடம் சாதித்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகப் பாவு நீட்டினால் அக்கம்பக்கத்தார் கூப்பிடாமலே வந்து ஒரு கை பிடிப்பார்கள். அவர்கள் பாவுக்கு நாங்கள் போவோம். அன்றைக்கு முகூர்த்தம் என்பதால் தெருவே கல்யாணத்துக்குப் போயிருந்தது. அப்பா, அம்மா, நான். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் எனக்கு மனிதர்கள்மேல், அதிலும் என் வயதுக்காரர்கள்மேல், நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. சில மாதம் முன்னால் செவிலிமேடு பக்கம் பைக் சறுக்கி விழுந்தேன். தூக்கிவிட யாரும் வரவில்லை. சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் என் போனுக்கே வந்து சேர்ந்தது, சிரிக்கிற பொம்மையோடு.

கஞ்சி தெளித்து முடிக்கிற நேரம், தெருமுனையில் விடாமல் ஹாரன். சில பைக்குகள், ஒரு ஸ்கூட்டியில் இரண்டு பெண்கள், பின்னால் ஒரு குட்டி லோடு வண்டி. எல்லாம் காலேஜ் வயசு. முன்னால் இருந்தவன் தலைமுடிக்கு ஆரஞ்சு கலர் அடித்திருந்தான். பாவு போட்டிருக்கிறோம், அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போங்கள் என்றேன். ரோடு என்ன உங்கள் வீட்டுச் சொத்தா என்று கேட்டான். நானும் சும்மா இருக்கவில்லை; படிக்கிற பசங்க மாதிரியா இருக்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். அவர்கள் முறைத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்கள்.

கஞ்சி பாதிதான் காய்ந்திருக்கும். வெயில் சட்டென்று மங்கியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் புறங்கையில் ஒரு சொட்டு.

பாவை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓட முடியாது. இரண்டு முனையிலும் இழுவை ஒரே மாதிரி இருக்க, நிதானமாகத்தான் சுருட்டியாக வேண்டும். அவசரப்பட்டால் சிக்கு. நனையவிட்டாலோ கஞ்சி கரைந்து இழையெல்லாம் ஒட்டிப்போகும், சாயமும் இறங்கும். அம்மா வீட்டுக்குள் ஓடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டோடு வந்தாள். அது ஒரு மூலைக்குத்தான் போதும். அப்பா என்ன செய்தார் தெரியுமா? சட்டையைக் கழற்றிப் பாவின்மேல் விரித்தார். அத்தனை நீளப் பாவுக்கு ஒரு சட்டை.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தெருமுனையில் பூட்டிய கடையின் தகரக் கூரைக்குக் கீழே அதே கூட்டம் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது; பக்கத்தில் எங்கோ டீ குடிக்க நின்றுவிட்டார்கள் போல. ஆரஞ்சு தலைக்காரன் போனை வெளியே எடுத்தான். எடுடா, இதையும் எடு என்று மனதுக்குள் திட்டினேன். அவன் போனைக் காதில் வைத்தான். முன்னால் போய்விட்ட லோடு வண்டியைத் திரும்பி வரச் சொல்கிறான் என்பது, வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

வண்டியில் இருந்தவை மாப்பிள்ளை படம் போட்ட கல்யாண பேனர்கள். அவர்களுடைய நண்பனுக்கு அன்று மாலை ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம். பள்ளி நண்பர்கள் சார்பில் ஒன்று, காலேஜ் நண்பர்கள் சார்பில் ஒன்று, கிரிக்கெட் டீம் சார்பில் இருப்பதிலேயே நீளமாக ஒன்று. மண்டபத்தில் கட்டுவதற்காக எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியில் வந்த பெண்களில் ஒருத்தி மழையில் இறங்கி நின்று அதிகாரம் செய்தாள்.

"டேய், இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? பேனர எறக்குங்க."

அப்பாவுக்கு அப்போதுகூடப் பட்டுதான் கவலை. "கைல இருக்கிறதெல்லாம் கழட்டிட்டு வாங்கப்பா, இழை மாட்டிக்கும்" என்று குரல் கொடுத்தார். காப்பு, மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் ஒரு ஹெல்மெட்டுக்குள் விழுந்தன. ஆரஞ்சு தலைக்காரன் கையில் கோயில் கயிறு. அதைக் கழற்ற அவனுக்கு மனசு வரவில்லை. கர்ச்சீப்பை மேலே சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

அடுத்த நிமிஷம் பாவுக்கு மேலே கூரை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நின்று, மூன்று பேனர்களையும் கைகளால் தூக்கிப் பிடித்தார்கள். மழை கொட்டியது. அவர்கள் தொப்பலாக நனைந்தார்கள். கீழே நாங்கள் மூவரும் குனிந்து, ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினோம். பேனரில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டது. யாரோ ஒருவன் தலையாலேயே முட்டி அதை வெளியே தள்ளினான்.

"மச்சான், மாப்ள மூஞ்சிமேல தண்ணி ஊத்துதுடா."

"ஊத்தட்டும். நாளைலேருந்து அழத்தான போறான், இன்னிக்கே பழகட்டும்."

அந்தப் பெண் விடவில்லை. "வாய மூடிக்கினு கைய தூக்குடா, எறங்குது." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பா, சிரித்தால் இழுவை தளர்ந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கடைசிச் சுற்று முடிந்து பாவை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அவர்கள் கையை இறக்கினார்கள். அப்பா சுருளை அங்கங்கே விரலால் தடவிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் மட்டும் லேசான ஈரம். தப்பிவிட்டது.

பேனர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது. கிரிக்கெட் டீம் பேனர் முழுக்கச் சேறு. அப்பா சங்கடப்பட்டார். ஆரஞ்சு தலைக்காரன் சாதாரணமாகச் சொன்னான்: "விடுங்கப்பா. இது நாளைக்கே அவுத்துடப்போற பேனர். உங்களுது ஒரு பொண்ணு கட்டிக்கப்போற பொடவ." பிறகு, தினமும் இந்த வழியாகத்தான் போகிறோம், பாவை ஒருநாள்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்றான். பாவில் அடுத்தவர் கை படுவதை அப்பா விரும்பவே மாட்டார். அவர் தன் துண்டை எடுத்து அவன் கையை ஈரம் போகத் துடைத்து, அந்தக் கையைப் பிடித்துப் பட்டின்மேல் வைத்தார். அவன் மூச்சுகூட விடாமல் நின்றான்.

நான் காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் யார் மோதிரம் யாருடையது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது அம்மா, எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே போகிறீர்களே என்றாள்.

"மண்டபம், டைம் எல்லாம் பேனர்லயே இருக்குதும்மா. அத்தினி நேரம் அதுக்குக் கீழதான இருந்தீங்க?" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் முகூர்த்தத்துக்குப் போனோம். அப்பாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் விசேஷம். வாசலில் மூன்று பேனரையும் கழுவிக் கட்டியிருந்தார்கள். படத்தில் மாப்பிள்ளையின் நெற்றியில் மட்டும் ஒரு மடிப்பு போகவே இல்லை. எங்களைப் பார்த்ததும் அந்தக் கூட்டம் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் வாசிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். முதல் பந்தியில் உட்காரவைத்து, ஆரஞ்சு தலைக்காரனே அப்பாவுக்குப் பரிமாறினான். போதும் போதும் என்று அப்பா இலையை மறைக்க மறைக்க, விரல் இடுக்கு வழியாகவே ஜாங்கிரியைத் தள்ளிவிட்டான்.

இப்போதெல்லாம் ரோட்டோரக் கல்யாண பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் பசங்களைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இவர்களில் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு மழை வந்தால் இவர்களில் எவனோ ஒருவன் எனக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான் என்று மட்டும் தெரியும்.