வரவேற்பறைச் சுவரில் ஒருத்தி

கரையான்சாவடியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வரவேற்பறைச் சுவரில் படம் வரைந்து தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, "நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க மேடம்" என்றார். அப்போதே கோபப்பட்டிருக்க வேண்டும். கணவர் ஆவடி தொழிற்சாலைக்கும் மகள் கல்லூரிக்கும் கிளம்பிய பிறகு நான் துணியில் பூவேலை செய்வேன், வரைவேன், கை ஓய்ந்தால் ஆர்மோனியத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாடுவேன். இருபது வருஷமாக அதுதான் என் வாழ்க்கை. ஆனாலும் முழுதாக ஒரு சுவர் கிடைக்கிறதே என்ற ஆசையில் ஒப்புக்கொண்டேன். என்ன வரைவதென்று நான்தான் முடிவு செய்வேன் என்றேன். தலையாட்டினார்.

எங்கள் மாடிப்படிகளைக் கூட்டித் துடைக்கும் அக்காவை வரைய நினைத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். நேராக நிமிர்ந்து பார்க்கும் முகம். துடைப்பத்தோடு நிற்பது போல வரையலாமா என்று அவரிடமே கேட்டேன். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"தொடப்பத்தோட என்னைத் தெனம்தான் பாக்குறாங்கோ. வரையறதுன்னா சேர்ல குந்திகினு கீற மாரி வரைம்மா."

அந்த வரவேற்பறையில் நான்கு நாற்காலிகள் கிடந்தன. அவற்றை அவர் தினமும் துடைத்தார். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. இத்தனை வருஷம் அதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

பதினோரு நாள் வரைந்தேன். மஞ்சள் புடவை, மடியில் கோத்த கைகள், பின்னால் வேப்பமரம். முடிந்த அன்று அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். காது மட்டும் கொஞ்சம் பெரிசாக இருக்கிறது என்றார். சரிசெய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். படம் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவங்க மேல மரியாதை இல்லன்னு இல்ல மேடம். விருந்தாளிங்க முதல்ல பாக்குற இடம் பாருங்க. முகத்தை மட்டும் மாத்திடுங்க, போதும்."

யார் முகமாக மாற்ற வேண்டும் என்று கேட்டேன். மகாலட்சுமியாக்கிவிடலாமே, உட்கார்ந்துதானே இருக்கிறார் என்றார் ஒரு பெண்மணி. சிலர் சிரித்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரமே தங்கைக்கு உடம்பு சரியில்லையென்று திருநின்றவூர் போய் இரண்டு நாள் தங்கினேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே பெயிண்ட் வாடை. சுவர் முழுக்க வெள்ளை.

செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் மனைவி பார்த்துக்கொண்டிருக்கக் கத்தினேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. யார் வெள்ளையடித்தது என்று கேட்டேன். வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டால் வீண் செலவு என்பதால் அந்த அம்மாவிடமே சொன்னோம் என்றார். கொஞ்சமும் கூசாமல் சொன்னார். அக்காவின் முகத்தை அவர் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அக்காவைப் படிக்கட்டில் பிடித்தேன். ஏன் செய்தீர்கள், எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று அவரிடமும் கோபமாகத்தான் கேட்டேன்.

"இன்னா பண்ணச் சொல்ற? வேலைக்கு வர வாணாவா நானு? வேற ஆளு அடிச்சா மூஞ்சிலதான் மொதல்ல அடிப்பான். நான் கால்லேர்ந்து அடிச்சிகினு போனேன். மூஞ்சிய கடைசியாத்தான் அடிச்சேன்."

சொல்லிவிட்டு அடுத்த படியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. என்னை யாரும் வேலையைவிட்டு நிறுத்த முடியாது. அந்தத் தைரியத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சுவரில் உட்கார வைத்தவள் நான்தான்.

காகிதத்தில் திரும்ப வரைந்து தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். இரண்டு மாதம் கழித்து, பூந்தமல்லியில் வேறு கட்டடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வந்தபோது, அவராகவே கேட்டார். அன்றைக்கே உட்கார வைத்து வரைந்தேன். என் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் வரைகிற நேரமெல்லாம் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலம் போட்டுத் தரச் சொல்லிச் செயலாளர் ஆள் அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டேன். என் கோபம் குறையவில்லை. அது குறைய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.