இங்கதான் கீது

என் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்தே சொன்ன பொய். இன்னும் திருத்தவில்லை.

அடையாறில் எங்கள் துறையில் வாரந்தோறும் கருத்தரங்கு நடக்கும். ஒரு மாணவர் தன் கட்டுரையை முன்வைப்பார். இன்னொருவர் அதைப் பிரித்து மேய்வார். முதலில் நான் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் கேள்வி கேட்கும் தோரணையைத்தான் படித்தேன். எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள்... வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். எனக்கு அதுவும் பாடம்தான்.

பிறகு என் முறை வந்தது.

ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றியது என் கட்டுரை. குலுக்கலில் சிலருக்கு நகருக்குள் வீடு, சிலருக்கு ஊருக்கு வெளியே. சீட்டு விழுந்தபடி போனதால் இரு சாராரையும் நியாயமாக ஒப்பிடலாம். தூரம், பெண்களின் வேலையைப் பறிக்கிறதா?

பறிக்கிறது! அதை அறிய எனக்குத் தரவு தேவையே இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டுவேலை செய்துவந்த என் அம்மா, எங்கள் சீட்டு ஊருக்கு வெளியே விழுந்ததும் அந்த வேலையை இழந்தாள். அவளும் என் தரவில் ஒரு வரி. எங்கள் வீட்டுக்கு மட்டும் கேள்வி கேட்க நான் போகவில்லை, டில்லியை அனுப்பினேன்.

டில்லி எங்கள் பழைய குடிசை வரிசைக்காரன். வீடு வீடாக என்னோடு அலைந்தவன். அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் பேசுவதைக் கேட்க வேண்டுமாம்.

ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினேன். நடுவில் ஒரு பேராசிரியை வரைபடத்தைக் காட்டி, உள்ளே வீடு கிடைத்தவர்களின் கோடு எங்கே என்று தமிழில் கேட்டார்.

"இங்கதான் கீது மேடம்."

வீட்டுப் பேச்சு வாயில் முந்திக்கொண்டது. அறை சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"ஃபீல்டு வொர்க் நல்லா ஒட்டிக்கிச்சு போலிருக்கே?" என்றார் பேராசிரியை.

"ஆமா மேடம்... பேசிப் பேசி ஒட்டிக்கிச்சு."

அத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் என் கட்டுரையை விமர்சிக்க வந்தவர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டார். இந்த மக்களோடு எனக்கு முன்பே பழக்கம் உண்டா, இருந்தால் நான் விரும்பும் பதிலையே சொல்லியிருப்பார்களே என்று தமிழிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அவர்களில் ஒருவன், அதனால்தான் மனம்விட்டுப் பேசினார்கள் என்று வாதாடியிருக்கலாம். அந்த வாதத்தைத் தயாரித்தும் வைத்திருந்தேன்!

"இல்ல சார். நான் வெளியாள்."

அவர் தலையசைத்தார். பாராட்டினார். 'வெளியாள்' என்ற சொல் கட்டுரையிலும் ஏறியது.

பிறகு கேண்டீனில் டில்லி தேநீரைக் குடித்து முடித்தான். கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப உங்கம்மா இன்னா நைனா... ஃபீல்டா?"

தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்து போனேன்.

அன்றிலிருந்து அவன் என்னை 'சார்' என்கிறான். கோபத்தில் இல்லை, கோபமிருந்தால் திட்டியிருப்பான்.

அந்த வரியைத் திருத்தத்தான் அடிக்கடி கோப்பைத் திறக்கிறேன். முடிவுகளைச் சந்தேகிப்பார்களோ என்று அஞ்சி மூடிவிடுகிறேன். முடிவுகளுக்காகத்தான் அஞ்சுகிறேனா...? தெரியவில்லை.

அடுத்த மாதம் வேறொரு நகரில் இதே கட்டுரையைப் பேச வேண்டும். கண்ணாடி முன் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் நாக்கு சறுக்குவதே இல்லை.

நேற்று அம்மா சோறு போட்டபடி, குழம்பு போதுமா என்று கேட்டாள். "இருக்கிறதும்மா" என்றேன்.

அவள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா... வூட்டாண்ட யார்னா வந்துக்கீறாங்களா?"