ஃபோரம் விழுங்கிய மூன்று எழுத்து

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு ஃபார்ம் நிரப்புவதும் பிரிண்ட் எடுப்பதும்தான் வேலை என்று நினைக்கிறீர்களா, நீங்கள் புண்ணியம் செய்தவர். ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். இன்டர்நெட் ஃபோரத்தில் மூன்றே எழுத்தைத் தட்டிவிட்டு, சம்பந்தமே இல்லாத நூறு பதிலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்கு.

கம்பியில் ஒரு சீட்டு

எங்கள் கடையில் ஒரு வழக்கம். தேட வேண்டியதை வாயால் சொல்லக்கூடாது, பேர், ஊரோடு சீட்டில் எழுதித் தர வேண்டும். வேலை முடிந்ததும் சீட்டைக் கம்பியில் குத்திவிடுவேன். தாமலிலிருந்து வந்த ஸ்டெல்லா அக்கா, டாக்டர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்: ஏ.எல்.எஸ்., பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே, ‘கையில் பலம் இல்லை’. அவர் புருஷன் மோசஸ் வேன் டிரைவர். வலது கையால் சாவியைத் திருப்ப முடியவில்லையாம். சென்னைக்குப் போய் நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த மனுஷனுக்கோ ஆஸ்பத்திரி என்றாலே பயம்.

நோயாளிகள் எழுதும் ஃபோரம் ஒன்றில், சீட்டில் இருந்ததை இங்கிலீஷில் தட்டினேன். வரிசையாக வந்தது: கழுத்து எலும்பு அழுத்தம், வைட்டமின் குறைவு, பயிற்சி செய்தேன், சரியாகிவிட்டது. பெரிய மேதாவி மாதிரி ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டினேன். எல்லாருக்கும் சரியாகியிருக்கிறது, பயப்படாதீர்கள் என்று என் வாயால்தான் சொன்னேன். எதற்கும் டெஸ்டை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உன் வாய்க்கு சக்கரை போடணும்பா. அந்த டெஸ்டு வேணாம்னே அவருகிட்ட சொல்லிடறேன்."

யு.பி.எஸ். கத்திய கதை

மூன்று மாதம் கழித்து, போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தனசேகர் வந்தார். அவர் கடை யு.பி.எஸ். விடாமல் கத்துகிறதாம். வேறொரு ஃபோரத்தில் ‘யு.பி.எஸ். விடாமல் சத்தம்’ என்று இங்கிலீஷில் தேடினேன். ஃபேன் சத்தம், மிக்ஸி சத்தம், மாடி வீட்டுக்காரன் போடும் சத்தம் எல்லாம் வந்தது. யு.பி.எஸ். மட்டும் வரவே இல்லை. இதில் ஒரு மண்ணும் இல்லை சார் என்று சலித்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையின் அடியைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து: நான்கு எழுத்துக்குக் குறைவான சொற்கள் தேடலில் சேர்க்கப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வரியை நான் படித்ததே இல்லை, சத்தியமாக. தனசேகர் சிரித்தார். "ஏம்பா, நீ கேட்டதையே அது காதுல வாங்கல. அப்புறம் அது சொன்ன பதில எப்படிப்பா நம்புன?"

நீளப் பெயர்

அவர் போனதும் கம்பியிலிருந்து சீட்டுகளை உருவினேன். ஸ்டெல்லா அக்காவின் சீட்டில் நோயின் பெயர் மூன்றே எழுத்து. அந்த நோயாளி ஃபோரத்தைத் திறந்து பார்த்தால், அங்கேயும் அடியில் அதே பொடி வரி. அன்றைக்கு அது கையில் பலம் இல்லை என்பதை மட்டும்தான் தேடியிருக்கிறது. மூன்று எழுத்தை மேற்கோள் குறிக்குள் போட்டேன், அசையவில்லை. ஃபோரத்தின் தேடல் பெட்டியே வேண்டாம் என்று வெளியே வந்தேன். பொதுத் தேடல் பக்கத்தில் ஃபோரத்தின் முகவரி, மேற்கோள் குறிக்குள் அந்த மூன்று எழுத்து, கூடவே அதன் முழுப் பெயர்: அமயோட்ராபிக் லேட்டரல் ஸ்கிளீரோசிஸ்.

கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதலில் கை, அப்புறம் கால், பேச்சு, மூச்சு. பல பேர் பாதியில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள், மிச்சத்தை அவர்கள் மனைவிமார் எழுதியிருந்தார்கள். அடப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தேன். கடையில் டைப் அடிக்கும் சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல வேணாம்ணா. நேர்ல போய் சொல்லுங்க."

தாமலில்

நான் போனபோது மோசஸ் அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவே இல்லை. அக்கா என்னை வெளியே கூட்டிவந்தார். போன வாரம் அண்ணன் கால் மடங்கி விழுந்திருக்கிறார். அப்புறம்தான் சென்னைக்குப் போய் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது எல்லாமே அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மன்னிச்சிடுக்கா என்று அழுதேவிட்டேன்.

அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றார். "உன்ன நாக்க புடுங்குற மாதிரி கேக்கணும்னுதான் இருந்தேன்பா. ஆனா நீ தப்பா சொன்ன அந்த மூணு மாசமும் அவரு தினம் ஏரிக்கரை மேல நடந்துக்கினு, பயிற்சி பண்ணிக்கினு, நல்லா சாப்ட்டுக்கினு இருந்தாரு. இப்ப எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்ல. அன்னிக்கு படிச்சு காட்னியே, சரியா போச்சு, சரியா போச்சுன்னு, அத வந்து அவருகிட்ட இன்னொரு தபா படிப்பா."

இப்போதெல்லாம் மூன்று எழுத்துச் சீட்டு வந்தால் முழுப் பெயரும் மேற்கோள் குறியும் போட்டு ஒழுங்காகத்தான் தேடுகிறேன். ஒழுங்காகத் தேடினால் கெட்ட சேதி உட்பட எல்லாம் கிடைத்துவிடுகிறது, இந்தத் தொழிலில் எனக்குள்ள ஒரே கஷ்டம் அதுதான்.