டைகருக்கு ஏறிய ஏழு பாட்டில்

வடக்கே, மோதி பாக்கில் எங்களுக்கு அரசாங்க குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது அதோடு ஒரு நாயும் கிடைத்தது. முன்பு குடியிருந்தவர்கள் மாற்றலாகிப் போகும்போது திரைச்சீலைக் கம்பிகளையும் டைகரையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெயர்தான் டைகர், பால்காரரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவான். ஐந்து வருஷம் என் காலடியில்தான் படுத்தான்.

எனக்குப் பத்து வயதானபோது, சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தான். தண்ணீரை மட்டும் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான், குடித்ததையும் வாந்தியெடுத்தான். அப்பா ஆபீஸ் டூரில் கௌஹாத்தி போயிருந்தார். எங்களுக்கு ஜுரம் வந்தால் கார்டை எடுத்துக்கொண்டு அரசாங்க டிஸ்பென்சரிக்குப் போவோம், மருந்து இலவசம். நாய்க்கு எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்று அதுவரை வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. அம்மா நாலு வீடு ஏறி இறங்கி விசாரித்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்தாள். நாயை ஏற்ற மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள். நாலாமவர் இரண்டு மடங்கு கேட்டார்.

அம்மா திருநெல்வேலிக்காரி. அவளுடைய ஹிந்தி காய்கறி வண்டியோடு சரி என்பது என் தீர்மானம். பள்ளிக்கூட மீட்டிங், பேங்க், காஸ் ஏஜென்சி, எங்கே போனாலும் நான்தான் பேசுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஹிந்தியில் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, பிழைக்காது. தினமும் டிரிப் ஏற்றினால் கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு ஐநூறு ரூபாய். பணத்தை வீணாக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லு, பேட்டா.

"ஏட்டி, என்ன சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

"பத்து நாள் டிரிப் போட்டா பக்கா சரியாயிடும்னு சொல்றாரும்மா. டெய்லி ஐநூறு."

அம்மா டாக்டரைப் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த டைகரைப் பார்த்தாள், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள். கோடைக்கு முன்னால் புதுக் கூலர் வாங்க அவள் பீரோவில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"சரி, போடச் சொல்லு."

தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே ஆட்டோவில் கிளம்புவோம். பாட்டில் காலியாக ஒரு மணி நேரம் ஆகும். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் யார் யார் முட்டிபோட்டார்கள் என்பதையெல்லாம் அவனிடம் சொல்வேன். அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் அவன் வாலை இரண்டு தடவை ஆட்டினான். என் பொய்யை நானே நம்பிவிட்டேன்.

ஏழாம் நாள் பாட்டில் முடிந்தும் அவன் தலையைத் தூக்கவில்லை. மூச்சு இழுத்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டர் சாப், ஆப்னே பெஹ்லே தின் ஹீ போலா, நஹீ பசேகா. அப் தர்த் நஹீ ஹோனா சாஹியே."

பிழைக்காது என்று முதல் நாளே சொன்னீர்கள், இனி அவனுக்கு வலி வேண்டாம். யாரையும் கேட்காமல், ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். டாக்டர் தலையசைத்துவிட்டு ஊசியை எடுத்தார். அம்மா என் கையைப் பிடித்து டைகரின் நெற்றியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

வீடு வரும்வரை அழுதேன். துக்கம் பாதி, பயம் பாதி. பொய் சொன்னதற்கும் பணத்தைத் தொலைத்ததற்கும் முதுகில் நாலு விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை, அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த மே மாதம் பழைய கூலர் அனல்காற்றை ஊதியது. அப்பா எரிந்து விழுந்தபோது, "அடுத்த வருசம் பாப்போம்" என்றாள்.

நல்லவேளை, தப்பித்துக்கொண்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஏழு பாட்டிலும் யாருக்காக ஏறின என்று எனக்கு அப்போது தெரியவில்லை.