கரும்பு கடிக்காத பல்

பத்து வருடங்களுக்கு முன், நான் பத்தாவது முடித்த கோடை விடுமுறை. அப்பாவுக்கு மைன்ஸில் வேலை பெர்மனென்ட் ஆகி, நெய்வேலியில் குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனால் பற்கள் எடுப்பாக இருந்ததால் கையால் மறைத்துக்கொண்டே சிரிப்பேன். "படிக்கிற பொண்ணு வாய மூடிகினு இருக்கக் கூடாது" என்று அப்பாவே பல் டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டரம்மா ஒவ்வொரு பல்லிலும் சின்ன உலோகப் பொத்தானை ஒட்டி, எல்லாவற்றையும் கம்பியால் இணைத்தார். வாரம் திரும்புவதற்குள் முன்பல்லில் ஒன்று கழன்று கம்பியில் தொங்கியது. திரும்ப ஒட்டினார். திரும்பவும் கழன்றது. மூன்றாம் முறை போனபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"கரும்பு கடிச்சியா? உண்மையைச் சொல்லு. இன்னொரு தடவை விழுந்தா எல்லாத்தையும் கழட்டிடுவேன்."

"இல்லீங்க டாக்டர்."

உடன் வந்த அம்மாவே நம்பவில்லை. "முத்தாண்டிக்குப்பத்துல மாமா வூட்டுக்குப் போனியே, அங்க கடிச்சிகினு இருந்திருப்ப."

சிகிச்சை நின்றுவிடும் என்பதைவிட, நான் பொய் சொல்வதாக இருவரும் நினைத்ததுதான் சுட்டது.

"இப்ப ஒட்டுங்க டாக்டர். உங்க கண்ணு முன்னாலயே உட்கார்ந்திருக்கேன். தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஒட்டினார். கதவருகே பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு தின்னுடி, டாக்டரம்மா பாக்கல." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மதியம் கிளினிக் மூடும் நேரம். நாக்கில் ஏதோ இடறியது. உள்ளே போய் வாயைத் திறந்து காட்டினேன். பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அதை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். பின்பக்கப் பசையில் சுண்ணாம்புத் தூள்போல ஏதோ அப்பியிருந்தது. பிறகு என் பல்லையே வெகுநேரம் பார்த்தார்.

"பசை விடலைம்மா. இவ பல்லோட எனாமல், அந்த மேல்பூச்சே சின்ன வயசுலேர்ந்து பலமில்லாதது. அதுதான் பேர்ந்து வந்திருக்கு. நான் முதல்லயே பார்த்திருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா மீதி இட்லியை நீட்டினாள். "இப்பவாச்சும் தின்னு தாயே."

அடுத்த வாரம் மேல்பூச்சு பலமில்லாத பற்களில் ஒட்டுவதை விட்டுவிட்டு, மோதிரம்போலப் பல்லைச் சுற்றி உலோகப் பட்டை மாட்டி, பொத்தானை அதன்மேல் வைத்தார். அப்புறம் ஒன்றுகூடக் கழலவில்லை.

இப்போது நான் ஆசிரியை, கையால் மறைக்காமல் சிரிக்கிறேன். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது "நான் செய்யல டீச்சர்" என்று சொன்னால், திட்டுவதற்கு முன் அந்தப் பொத்தானின் பின்பக்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது.