அபிபா சொன்னதும் நான் சொன்னதும்

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். தவறுதலாக அல்ல, சொல் தெரியாமலும் அல்ல. ஒரு பெண் மண்டபம் நிறைந்த மனிதர்களுக்கு முன்னால் நின்று சொன்னதை, நன்றாக விளங்கிக்கொண்டே, வேறொன்றாக மாற்றிச் சொன்னேன்.

என்னைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வந்து, ஜெர்மனியின் ஹனோவர் நகரில் டொச் மொழி படித்து, முதியோர் இல்லமொன்றில் பொறுப்புத் தாதியாக உயர்ந்தவள் நான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கானாவின் வடக்கே பள்ளிக்கூடம் கட்டிய ஒரு சிறிய சங்கத்துக்கு உபதலைவியாகவும் இருந்தேன். தலைவர் மன்ஃபிரெட், தொழிற்பள்ளியில் தச்சுவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வரும். ஆகவே கானாவிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் என் வாய் வழியாகவே சங்கத்துக்குள் நுழைந்தது.

அது எனக்குப் பிடித்திருந்தது... ஏன் மறைக்க வேண்டும்?

பள்ளிக்கான நிலத்தைத் தெரிவு செய்ததும் நானே. மன்ஃபிரெட்டோடு அங்கே போயிருந்தபோது இரண்டு இடங்களைக் காட்டினார்கள். ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீடுகள் நெருங்கியிருந்த இடம். மற்றது இந்தப் பக்கம், பெருவீதியோரம். வீதியோரம் என்றால் சீமெந்து லொறி நேரே வரும். ஜெர்மனியிலிருந்து பார்க்க வருகிறவர்களின் வாகனமும் வரும். இதுவே நல்லது என்றேன். தலைமையாசிரியை அபிபா மழைக்காலத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பள்ளி எழுந்தது. சில ஆண்டுகளின் பின் இரண்டாவது கட்டடத்துக்கு ஆதரவு திரட்டுவதற்காக அபிபாவை ஹனோவருக்கு அழைத்தோம். தேவாலய மண்டபத்தில் கூட்டம், பெரும்பாலும் மன்ஃபிரெட்டைப் போல ஆங்கிலம் வராத முதியவர்கள். முன்வரிசையில் மன்ஃபிரெட். மேடையில் பட்டுச்சேலையோடு நான், பக்கத்தில் அபிபா. அவர் தாளெதுவும் வைத்திருக்கவில்லை.

“எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்,” என்றார் அபிபா ஆங்கிலத்தில். “மழை தொடங்கினால் சிறியவர்களால் கடக்க முடியாது. மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதே இடத்தில் இன்னொரு கட்டடம் வேண்டாம். அந்தப் பக்கம் ஒரு கூரை போட்டுத் தாருங்கள். போதும்.”

மண்டபம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. அவர் சொன்னதை அப்படியே சொன்னால், இடத்தைத் தெரிவு செய்தது யார் என்ற கேள்வி வரும். மன்ஃபிரெட் என்னை நிமிர்ந்து பார்ப்பார்...

நான் டொச்சில் சொன்னேன்: “எங்கள் பிள்ளைகள் மழையிலும் ஆற்றைக் கடந்து வருகிறார்கள். படிப்பில் அவ்வளவு ஆசை அவர்களுக்கு. இன்னொரு கட்டடம் இருந்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும்.”

என் குரல் நடுங்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மன்ஃபிரெட் கண்களைத் துடைத்தார். அபிபா, தன் வேண்டுகோளைத்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்று நம்பி, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். அந்தக் கைதட்டலுக்குள் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். நான் இங்கே வந்த புதிதில், அகதி விசாரணையில் என் கதையை ஒரு மொழிபெயர்ப்பாளர் பாதியாகக் குறுக்கிச் சொன்னார். டொச் தெரியாமலே அது எனக்கு விளங்கியது. நான் நீளமாகப் பேசினேன். அவர் ஒரு வரியில் முடித்தார். அந்த மனிதரைப் பல ஆண்டுகள் வெறுத்தேன். அப்படிப்பட்ட நானா இதைச் செய்தேன்? நான்தான்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது, அதற்கு வந்திருந்த என் கணவர் ட்ராமில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு மொழிகளும் தெரியும்.

“அந்த மனுசி அப்பிடிச் சொல்லேல்லை,” என்றார்.

“ஓம். தெரியும்.”

“நாளைக்கே மன்ஃபிரெட்டிட்டைச் சொல்லும்.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவர் பிறகு கேட்கவுமில்லை.

வீதியோரத்தில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிய வாரம் அபிபா தொலைபேசியில் அழைத்தார். தான் அன்று பேசியதை அவர்களிடம் சொன்னீர்களா என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். சொன்னேன் என்றேன். “அப்படியென்றால் கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்கிறார்கள்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த மழைக்கு முன் வேலையை விட்டு விலகினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓலைக்கூரையின் கீழ் சிறியவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். எங்கள் புதுக் கட்டடத்தில் வாங்குகள் உட்காரப் பிள்ளைகள் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தன. நன்றியில்லாதவர் என்று சங்கத்தில் சிலர் பேசினார்கள். மன்ஃபிரெட் அப்படிப் பேசவில்லை. நோயில் படுத்த பிறகும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “அபிபாவுக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம்?”

அவருடைய தலையணையைச் சரிசெய்தேன். அது எனக்குக் கைவந்த வேலை.

அவருக்குப் பின் தலைவியானேன். நன்றாகவே நடத்துகிறேன், இதைப் பணிவுக்காகக் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஊர்மக்கள் கூடித் தீர்மானிக்காத இடத்தில் இப்போது ஒரு கல்லும் வைப்பதில்லை. எந்தக் கூட்டத்திலும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்க வேண்டும் என்ற விதி என்னுடையது. தூரநோக்கு என்று பாராட்டுகிறார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

கடைசியாகக் கானா போனபோது ஆற்றைக் கடந்து அபிபாவைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்ற உறுதியோடுதான் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை வெளியே நின்றேன். அவர் வந்து தண்ணீர் தந்து, உட்காரச் சொன்னார். அங்கேயே ஒரு வகுப்பறை கட்டித்தருகிறோம் என்றேன். மறுத்தார். எங்களிடமிருந்து எதுவும் வேண்டாம் என்றார், கோபமில்லாமல்.

மன்ஃபிரெட் இறந்த செய்தியைச் சொன்னேன். அபிபா பிள்ளைகளின் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

“நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். நான் அவ்வளவு கெஞ்சியதைக் கேட்ட பிறகும், அவருக்கு எப்படி மனம் வந்தது?”

அதுதான் நேரம். சொற்கள் எல்லாம் வாய்க்குள் இருந்தன.

“தெரியாது,” என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அபிபாவிடம் இன்னும் சொல்லவில்லை. இறந்துபோன அந்த மனிதரைக் கல்நெஞ்சக்காரர் என்று நம்பியபடி, அவர் இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்...